திருகோணமலையில் இருந்துகொண்டு மூளைத் தூண்டல் கருவி பாவிப்பது: ஒரு மதிப்பீடு

பார்க்கின்சன் நோய்க்காக மூளைக்குள் கம்பி வைத்து, நெஞ்சுத் தோலுக்குக் கீழே பற்றரி புதைத்து வாழ்கிறவன் நான். பற்றரியில் இருந்து கம்பி வழியே மூளைக்கு விடாமல் மின்துடிப்புக் கொடுக்கும், டிபிஎஸ் (ஆழ்மூளைத் தூண்டல்) என்று சொல்லும் இந்தக் கருவியைப் பற்றி விற்பவர்கள் எழுதியது நிறைய இருக்கிறது. பாவிக்கிறவன், அதுவும் கொழும்பிலோ சென்னையிலோ இல்லாமல் திருகோணமலையில் இருந்து பாவிக்கிறவன் எழுதியது எதுவும் என் கண்ணில் படவில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவி நல்லது, என் வலது கையை எனக்குத் திருப்பித் தந்தது. ஆனால் நாம் கொடுக்கும் காசில் கருவி பாதிதான். அதைச் சீர்செய்து தரும் வைத்தியர் மற்றப் பாதி. அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதும் அந்தக் கணக்கில்தான் வரும்.

துறைமுகத்தில் களஞ்சியக் காப்பாளராக வேலை செய்தவன் நான். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் பிரித்து எண்ணிப் பார்த்துத்தான் பேரேட்டில் பதிவேன். அந்தப் பேரேட்டில்தான் நோயும் முதலில் தெரிந்தது. வரிக்கு வரி என் எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. பிறகு விரல் நடுக்கம், தோள் விறைப்பு, கடைசியாகக் கால் தரையோடு ஒட்டிக்கொள்வது. இந்த நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா குளிசை நல்ல சில வருடங்களைத் தந்தது. அப்புறம் ஒரு குளிசைக்கும் அடுத்த குளிசைக்கும் நடுவில் உடம்பு கட்டிப்போகத் தொடங்கியது. குளிசை ஏறிய நேரத்தில் தலையும் தோளும் தன் பாட்டில் நெளியும், இறங்கிய நேரத்தில் கதிரையை விட்டு எழும்ப முடியாது. டிபிஎஸ் பற்றிப் பேச வேண்டிய கட்டம் இதுதான். குளிசை இன்னும் வேலை செய்ய வேண்டும், ஆனால் சீராக வேலை செய்யாமல் இருக்க வேண்டும். குளிசைக்கு எது சரிவருகிறதோ அதுதான் பெரும்பாலும் கருவிக்கும் சரிவரும். நடுக்கம் மட்டும் இதற்கு விலக்கு, குளிசைக்கு அடங்காத நடுக்கமும் கருவிக்கு அடங்கலாம். அதனால்தான் முதலில் மருந்தை நிறுத்திவைத்து ஒரு தரம், கொடுத்துவிட்டு ஒரு தரம் என்று நடக்கவிட்டுப் புள்ளி போட்டுப் பார்க்கிறார்கள்.

இந்த வழியைக் கண்டுபிடித்தது பிரான்ஸில் கிரெனோபிள் நகரத்தில். அதற்கு முன் நடுக்கத்துக்கு மூளையில் ஒரு சின்ன இடத்தைச் சுட்டு அழிப்பார்கள். 1987 இல் பெனாபிட் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், சுடுவதற்கு முன் இடம் சரிதானா என்று மின்சாரம் கொடுத்துப் பார்த்தபோது, செக்கனுக்கு நூறு தரம் அளவில் துடிப்பு போனதும் நடுக்கம் நின்றுவிட்டதைக் கண்டார். அழிக்காமல், கம்பியை அங்கேயே விட்டு, விடாமல் துடிப்புக் கொடுக்கலாம் என்ற எண்ணம் அதில் பிறந்தது. 1993 இல் அவருடைய குழுவே மூளையின் ஆழத்தில் நரம்புக் கலங்கள் திரண்டு அசைவைச் சீராக்கும் சப்தலமிக் நியூக்ளியஸ் என்ற சின்னக் கருவுக்குள் கம்பி வைத்தது. என் தலையிலும் கம்பி இருப்பது அங்கேதான், இரண்டு பக்கமும். அமெரிக்காவில் 1997 இல் நடுக்கத்துக்கும் 2002 இல் பார்க்கின்சன் நோய்க்கும் அனுமதி கிடைத்தது. ஆகவே இது பரிசோதனைச் சரக்கு இல்லை. இதைச் சொல்லக் காரணம், மூளையில் கம்பி என்றதும் உறவுக்காரர் எல்லோரும் "உங்களை வைத்துப் பரிசோதனை செய்யப்போகிறார்கள்" என்றுதான் பயந்தார்கள்.

சத்திரசிகிச்சை சென்னையில். தலையில் சட்டம் பூட்டி, ஸ்கேன் எடுத்து, மண்டையோட்டில் துளை போடுகிறார்கள். கம்பி உள்ளே போகும்போது நான் விழித்திருந்தேன். மூளைக்கு வலி தெரியாது. நரம்புக் கலங்களின் இரைச்சலை ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டுக்கொண்டே கம்பியை இறக்கினார்கள். வெறும் சரசரப்பு திடீரென்று அடர்ந்து பெருத்தபோது "வந்தாச்சு" என்றார் ஒருவர். பிறகு மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். நரம்பியல் வைத்தியர் என் மணிக்கட்டை மடித்து நீட்டிக்கொண்டே "மாசங்களைச் சொல்லுங்க ஐயா" என்றார். தை, மாசி, பங்குனி என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் பிடித்திருந்த கை இளகுவது எனக்கே தெரிந்தது. புரட்டாதியில் நாக்கு தடித்தது. அந்த அளவைக் குறித்துக்கொண்டு நிறுத்தினார்கள்.

நாக்கு ஏன் தடித்தது என்று புரிந்துகொண்டால் இந்தக் கருவியில் எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும். அந்தக் கரு சில மில்லிமீட்டர் அளவுதான். அதன் வெளிப்பக்கத்தில் முகம், நாக்கு, கைகால் எல்லாவற்றுக்கும் கட்டளை கொண்டுபோகும் நரம்புக் கற்றை ஓடுகிறது. பின்பக்கம் தொடுவுணர்ச்சிப் பாதை, உள்பக்கம் கண்ணை அசைக்கும் நரம்பு. மின்சாரத்துக்கு எது தனக்குரிய கலம் என்று தெரியாது. எட்டிய தூரத்தில் இருப்பதை எல்லாம் தூண்டும். ஆகவே எங்கே பாய வேண்டும், எங்கே பாயக் கூடாது என்பதை நாம்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

பழைய கம்பிகளில் நாலு வளையங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 1.5 மில்லிமீட்டர் நீளம். வளையம் அரிக்கன் லாம்பு போல, சுற்றிவர எல்லாப் பக்கமும் பாயும். புதிய கம்பிகளில் நடுவில் உள்ள இரண்டு வளையங்களும் மூன்று மூன்று துண்டுகளாகப் பிரிந்திருக்கும், வேண்டிய துண்டை மட்டும் ஏற்றலாம். திசைக் கம்பி என்கிறார்கள். மெட்ரானிக், அபாட், பாஸ்டன் சயின்டிஃபிக் மூன்று நிறுவனத்திடமும் இப்போது அது இருக்கிறது, சார்ஜ் செய்யும் பற்றரியும் இருக்கிறது. ஆகவே எந்தப் பெயர் என்று குழம்பத் தேவையில்லை. திசைக் கம்பியா என்று மட்டும் கட்டாயம் கேளுங்கள்.

எனக்கு அது எப்படி உதவியது என்று விவரமாகச் சொல்கிறேன். கம்பி வைத்த உடனேயே, கருவியை முடுக்குவதற்கு முன்பே, உடம்பு நன்றாக இருந்தது. கம்பி இறங்கிய இடத்தில் ஏற்படும் வீக்கம் தரும் தற்காலிக நன்மை அது. சில கிழமையில் போய்விடும். போனது. பிறகுதான் முடுக்கினார்கள். செக்கனுக்கு 130 துடிப்பு, ஒவ்வொரு துடிப்பும் 60 மைக்ரோசெக்கன். வழக்கமாகத் தொடங்கும் அளவுகள் இவைதான். நடுக்கம் நின்றது. ஊருக்கு வந்த பிறகு, மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்டக் கை திருந்தியது, பேச்சு கெட்டது. கடைக்காரப் பெடியன் நான் கேட்டதை இரண்டு தரம் கேட்டான். தொலைபேசியில் மகளுக்கு நான் சொன்னது விளங்கவில்லை. "அப்பா, அம்மாட்டக் குடுங்கோ" என்றாள். அது எனக்கு நடுக்கத்தைவிடப் பெரிய துக்கம்.

கையில் தரும் றிமோட்டில் குறிப்பிட்ட எல்லைக்குள் கூட்டலாம், குறைக்கலாம், வைத்தியர் போட்டு வைத்த வேறொரு நிரலுக்கு மாறலாம். அவ்வளவுதான். எந்தத் துண்டில் மின்சாரம் பாய வேண்டும் என்பதை மாற்றுவது வைத்தியரின் கணினியில். அதற்குத் திரும்பச் சென்னை போக வேண்டியிருந்தது. இரவு ரயிலில் கொழும்புக் கோட்டைக்குப் போய், கட்டுநாயக்காவில் விமானம் ஏறினோம். இப்போதெல்லாம் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் வழியாகப் போகிறோம், அந்தப் பாதை எங்கள் பக்கத்தாருக்குப் பெரிய உபகாரம். வைத்தியர் ஒரு காலைநேரம் முழுக்க என்னோடு இருந்தார். ஒவ்வொரு துண்டாக ஏற்றி, கையைத் திறந்து மூடச் சொல்லி, ஒரே வாக்கியத்தை வாசிக்கச் சொல்லி, எங்கே நன்மை தொடங்குகிறது, எங்கே நாக்கு தடிக்கிறது என்று தாளில் எழுதிக்கொண்டே போனார். நரம்புக் கற்றைக்கு எதிர்ப்பக்கம் பார்த்த துண்டில் மின்னோட்டத்தை வைத்தபோது கையும் இளகியது, வாக்கியமும் தெளிவாக வந்தது. அன்றைக்கு மாலையே மகளோடு கதைத்தேன். பழைய வளையக் கம்பியாக இருந்திருந்தால் மின்னோட்டத்தைக் குறைத்து, கையில் கொஞ்சத்தை இழந்துதான் பேச்சை மீட்டிருக்க முடியும்.

கலத்தின் இனம் பார்த்துத் தூண்டும் வழியும் ஆய்வுகூடங்களில் இருக்கிறது. குறிப்பிட்ட நரம்புக் கலங்களுக்குள் மட்டும் ஒளிக்கு இசையும் புரதம் ஒன்றை உண்டாக்கி, வெளிச்சத்தால் முடுக்குவது. 2005 இல் காட்டினார்கள். 2021 இல் பார்வை இழந்த ஒருவருக்கு விழித்திரையில் இந்த முறை ஓரளவு பலன் தந்தது. நம் மூளைக் கம்பிக்கு அது வரும் வரை, இடத்தைப் பார்த்துத்தான் தெரிவு.

பற்றரி விஷயம் நம் நாட்டுக்காரர் யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. சார்ஜ் செய்யாத பற்றரி ஏறக்குறைய மூன்றிலிருந்து ஐந்து வருடம், பிறகு நெஞ்சைத் திரும்பத் திறந்து மாற்ற வேண்டும், அதற்குத் திரும்பக் காசு. சார்ஜ் செய்வது பதினைந்து வருடம் போகும் என்கிறார்கள், விலை கூட. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாம். சார்ஜ் என்றதும் மனைவி தயங்கினாள். நான் சார்ஜ் செய்வதையே எடுத்தேன், இன்றைக்கும் அது சரியென்றே நினைக்கிறேன். சார்ஜரைத் தோளில் மாட்டி, அதன் வட்டத்தை நெஞ்சுக்கு மேல் வைத்துக்கொண்டு கிழமைக்கு ஒரு தரம் பத்திரிகை வாசிப்பேன். லேசாகச் சூடு ஏறும், வட்டம் விலகினால் சத்தம் போடும். பற்றரி பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து கரண்ட் போனபோதும் கையிருப்பு போதுமாக இருந்தது. கருவி நின்றுபோனால் நடுக்கம் சில நிமிடத்திலேயே திரும்பிவிடும். பல வருடம் பாவித்தவருக்குத் திடீரென்று நிற்பது ஆபத்தாகவும் முடியலாம். அதனால் இதில் சோம்பல் கூடாது.

கடற்கரை ஊர்க்காரருக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. 2019 இல் சூரிச் வைத்தியர்கள் ஒன்பது பேரைப் பற்றி எழுதினார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள், டிபிஎஸ் நன்றாக வேலை செய்தவர்கள், ஆனால் அதற்குப் பிறகு நீச்சல் வரவில்லை. அவர்களில் மூன்று பேர் கருவியை நிறுத்திப் பார்த்தபோது நீச்சல் உடனே திரும்பியிருக்கிறது. டச்சுக் குடாவில் நீச்சல் பழகியவன் நான். சித்திரை மாதம், கடல் அமைதியாகக் கிடந்த ஒரு காலையில், உப்புவெளியில் இடுப்பளவு தண்ணீரில் மச்சானைப் பக்கத்தில் நிறுத்திவைத்துவிட்டுப் பார்த்தேன். கை வீசுகிறது, கால் அடிக்கிறது, இரண்டும் சேரவில்லை. உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்து முகம் தண்ணீருக்குள் போனது. "அத்தான், போதும் வாங்கோ" என்று தோளைப் பிடித்துத் தூக்கினான். நிலத்தில் அதே கால்களோடு கோணேசர் கோயில் வரை ஏறிப் போகிறேன். எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று இல்லை. ஆனால் கம்பி வைத்தவர் ஆழத்துக்குத் தனியே போகவே கூடாது. மீன்பிடித் தொழில் செய்கிறவர் என்றால் சத்திரசிகிச்சைக்கு முன்பே இதைப் பேசித் தீர்க்க வேண்டும். எனக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது இன்னும் மனத்தில் இருக்கிறது.

இன்னொரு ஆபத்து உள்ளூரிலேயே. தோள் வலிக்குப் போன ஓர் இடத்தில் டயதெர்மி என்ற சூட்டுச் சிகிச்சை கொடுக்க ஆயத்தம் செய்தார்கள். இந்தக் கருவி உள்ளவருக்கு அது எந்த உறுப்பிலும் கூடாது. அந்தச் சக்தி கம்பி வழியே ஏறி முனையைச் சூடாக்கி மூளையைச் சேதமாக்கும். உயிர் போனதாகவும் பதிவு உண்டு. உடம்பில் கருவி இருப்பதைச் சொல்லும் அட்டையைக் காட்டியதும் நிறுத்திக்கொண்டார்கள். எம்ஆர்ஐ எடுப்பதற்கும் கருவிக்கேற்ற நிபந்தனை இருக்கிறது. விமான நிலையத்திலும் அட்டையைக் காட்டிக் கையால் சோதிக்கச் சொல்லுங்கள். அந்த அட்டையை மணிபர்சை விட்டு வெளியே எடுத்து வைக்கக் கூடாது.

கருவி செய்யாதவையும் உண்டு. நோயை நிறுத்தாது. சமநிலை, விழுங்குவது, ஞாபகம் இவற்றில் பெரிய உதவி இல்லை. குளிசையை நான் பாதியாகக் குறைத்தேன், விட முடியவில்லை. சத்திரசிகிச்சையில் நூற்றில் ஓரிருவருக்கு மூளைக்குள் இரத்தம் கசியலாம், தொற்றும் வரலாம். செலவு எல்லாமாக இந்திய ரூபாயில் பத்து லட்சத்தைத் தாண்டியது. நிலாவெளியில் இருந்த காணித்துண்டு அதற்குப் போனது. காணி போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், காசு கட்டுவதற்கு முன் கேளுங்கள்: முதல் வருடத்தில் சீர்செய்ய எத்தனை தரம் வர வேண்டும், அதற்குத் தனிக் கட்டணமா, அந்த வைத்தியர் இல்லாவிட்டால் யார் பார்ப்பார், இலங்கையில் இதே கருவியின் கணினி வைத்திருக்கும் வைத்தியர் யாராவது இருக்கிறாரா. மூளையின் அலையைத் தானே வாசித்து மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் வகைக்கு 2025 பெப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் அது இங்கே மலிந்து வரட்டும் என்று பொறுத்திருக்க வேண்டாம். குளிசைக்கு உடம்பு இசையும் காலம் கடந்துவிட்டால் எந்தக் கருவி வந்தாலும் வைத்தியர் பெரும்பாலும் கம்பி வைக்க ஒத்துக்கொள்ள மாட்டார்.