மஞ்சளித்த இலைகளும் இரண்டு பேனா மானிகளும்: ஏழு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

பல்லடத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், நிழல்வலைக்குக் கீழே, நான்கு அங்குல பிவிசி குழாய்களில் மண்ணில்லாமல் பாலக்கீரையும் புதினாவும் லெட்டூஸும் வளர்த்து வருகிறேன். நூறு லிட்டர் தொட்டியிலிருந்து சிறிய மோட்டார் ஒன்று உரக்கரைசலைக் குழாய்களுக்கு ஏற்றுகிறது. அது வேர்களை நனைத்துவிட்டு மீண்டும் தொட்டிக்கே திரும்புகிறது. முதல் இரண்டு மாதங்கள் எந்தக் குறையும் இல்லை. அப்போது நான் பயன்படுத்தியது குழாயில் வந்த ஆற்றுத் தண்ணீர். கோடையில் அது வரும் இடைவெளி நீண்டதும் போர்வெல் தண்ணீருக்கு மாறினேன். மூன்றாவது வாரத்தில் இலைகள் மஞ்சளிக்கத் தொடங்கின. இந்த மாற்றத்தையும் மஞ்சளிப்பையும் அப்போதே சேர்த்துப் பார்க்கத் தவறியதால்தான் நான் இரண்டு மானிகளை வாங்க நேர்ந்தது.

முதலில் வாங்கியது ஈசி மானி, அதாவது கரைசலின் மின்கடத்துதிறனை மில்லிசீமன்ஸ் அலகில் அளக்கும், பேனா வடிவிலான கருவி. உரம் வாங்கும் கடையில் இலைகளின் படத்தைக் காட்டியபோது, அங்கிருந்த தம்பி, “உரம் பத்தலைங்க அக்கா, ஈசி 1.6 வர்ற வரைக்கும் ஊத்துங்க” என்றார். ஆனால் மானியைத் தொட்டியில் வைத்தபோது அது ஏற்கெனவே 1.6 என்றே காட்டியது. குழம்பிப்போய், உரம் கலக்காத வெறும் போர்வெல் தண்ணீரை ஒரு குவளையில் எடுத்து அளந்தேன்; அதிலேயே 1.1 இருந்தது. உப்பு மிகுந்த தண்ணீரை எங்கள் பக்கத்தில் சப்பைத் தண்ணீர் என்று சொல்வதைத்தான் அந்த எண் எனக்குக் காட்டியது. மின்கடத்துதிறன் என்பது கரைந்துள்ள எல்லா உப்புகளுக்கும் சேர்த்துக் கிடைக்கும் ஒரே எண். அதில் செடிக்கு வேண்டிய நைட்ரேட் எவ்வளவு, வேண்டாத சோடியமும் குளோரைடும் எவ்வளவு என்று மானியால் பிரித்துச் சொல்ல இயலாது. என் தொட்டியில் உரத்தின் பங்கு 0.5 மட்டுமே. எனவே அந்தத் தம்பி சொன்னது பாதி சரியாகவே இருந்தது: உரத்தைக் கூட்டிக் கரைசலை 2.4 வரை கொண்டுசென்றதும் லெட்டூஸின் அடியிலைகளில் பரவிய வெளிர்மஞ்சள் நின்றது. ஆனால் அதன் ஓரங்கள் கருகத் தொடங்கின. புதினாவின் கொழுந்து இலைகளோ முன்னைவிட அதிகமாக வெளுத்தன.

இந்த ஈசி மானியைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். இதில் மில்லிசீமன்ஸ் அலகும் பிபிஎம் அலகும் உண்டு. ஒரே கரைசலைச் சில மானிகள் 500 என்ற பெருக்கெண்ணாலும் சில 700 என்ற பெருக்கெண்ணாலும் பிபிஎம்மாக மாற்றுகின்றன; ஆகவே 2.0 மில்லிசீமன்ஸ் உள்ள கரைசல் ஒன்றில் 1000 என்றும் மற்றொன்றில் 1400 என்றும் தெரியும். உர அட்டவணை எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்று அறியாமல் பிபிஎம் எண்ணைப் பின்பற்றக் கூடாது. நான் மில்லிசீமன்ஸை மட்டுமே பார்க்கிறேன். மற்றபடி இந்த மானியில் குறையொன்றும் இல்லை, 1.413 என்ற அளவுள்ள சோதனைக் கரைசலில் ஏழு மாதங்களுக்குப் பிறகும் 1.40 காட்டுகிறது.

இரண்டாவதாக வாங்கிய பிஎச் மானி, அதாவது கரைசலின் அமில, காரத் தன்மையை அளக்கும் பேனாதான் நான் விரிவாக எழுத விரும்புவது. இணையத்தில் பல பெயர்களில் கிடைக்கும், மஞ்சள் நிற உடலும் முனையில் கண்ணாடிக் குமிழும் கொண்ட அதே மலிவான பேனாதான். நான் கொடுத்த விலை 450 ரூபாய். பெட்டியைப் பிரித்தவுடன் தொட்டியில் வைத்தேன். 6.3 என்று காட்டியது. மண்ணில்லா வளர்ப்புக்கு 5.5 முதல் 6.5 வரை உகந்தது என்பதால், பிஎச்சில் கோளாறு இல்லை என்று முடிவுசெய்து மேலும் பத்து நாள்களை வீணாக்கினேன். அந்தப் பத்து நாள்களுக்குள் புதினாவில் ஒரு வரிசை முழுவதும் கொழுந்து வெள்ளையாகிவிட்டது.

பெட்டியில் மானியுடன் இரண்டு சிறு பொட்டலங்களும் இருந்தன. ஒவ்வொன்றையும் 250 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் 6.86, 4.00 என்ற அளவுள்ள தாங்கல் கரைசல்கள், அதாவது மானியைச் சரிபார்க்க உதவும், பிஎச் அளவு முன்பே தெரிந்த கரைசல்கள் கிடைக்கும். அவற்றை நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். கரைத்துப் பார்த்தபோது, 6.86 காட்ட வேண்டிய கரைசலில் என் மானி 5.7 காட்டியது. அதாவது தொட்டியின் உண்மையான அளவு 6.3 அன்று, ஏறத்தாழ 7.5. பின்புறம் உள்ள சிறு திருகைத் திருப்பிச் சரிசெய்த பிறகு, 4.00 கரைசலில் 4.1 என்று ஏற்கத்தக்க அளவில் காட்டியது. அளவுதிருத்தம் செய்யாத பிஎச் மானி, மானியே இல்லாமல் இருப்பதைவிடத் தீங்கானது. இல்லாவிட்டால் சந்தேகமாவது மிஞ்சியிருக்கும்.

7.5 என்று தெரிந்தபின் இலைகள் சொன்னதும் புரிந்தது. தழைச்சத்தும் (நைட்ரஜன்) மக்னீசியமும் செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி முதிர்ந்த இலைகளிலிருந்து அவற்றை உருவிக் கொழுந்துக்கு அனுப்பும். ஆகவே அடியிலை முழுவதும் வெளுத்தால் தழைச்சத்தையும், அடியிலையில் நரம்புகள் பச்சையாக நிற்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளித்தால் மக்னீசியத்தையும் ஐயப்பட வேண்டும். இரும்பு அப்படி இடம்பெயராது. அதன் குறை கொழுந்திலேயே, பச்சை நரம்பு வலையும் மஞ்சள் இடைப்பகுதியுமாகத் தெரியும். என் புதினாவில் இருந்தது இதுவே. உரத்தில் இரும்பு இல்லாமல் இல்லை. போர்வெல் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் பிஎச்சை ஏற்றிக்கொண்டே இருந்தது. உரத்தில் இருந்த இரும்போ ஈடிடிஏ என்ற சேர்மத்தோடு பிணைத்துக் கரைய வைத்த வகை; அது பிஎச் 6.5க்கு மேல் நிலைத்து நிற்காமல், கரையாத வீழ்படிவாகிவிடும். எவ்வளவு உரம் ஊற்றினாலும் அந்த இரும்பு வேருக்கு எட்டியிருக்காது.

எங்கள் தோட்டத்துச் சுக்கான்கல் நிலத்தில் கடலைச்செடி வெளுக்கும்போதெல்லாம் அப்பா அன்னபேதியை (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளித்ததைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு பூட்டப்படுவதும், பைகார்பனேட் மிகுந்த தண்ணீரில் அது பூட்டப்படுவதும் ஒரே செயல்தான் என்பது என் மனத்தில் வராமல் போனது இன்றும் வருத்தமாகவே இருக்கிறது. உறுதிசெய்துகொள்ள அதே அன்னபேதியை லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் கரைத்து, ஒரே இலையின் ஒரு பாதியில் மட்டும் தூரிகையால் தடவினேன். சில நாள்களில் அந்தப் பாதி மட்டும் பச்சையேறியது.

அதன் பிறகு கரைசலைப் புதிதாகக் கலந்தேன்: போர்வெல் தண்ணீர் பாதி, ஆர்ஓ தண்ணீர் பாதி, உரத்துடன் சேர்த்து ஈசி 1.7. கையுறை அணிந்து, பாஸ்பாரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகத் தண்ணீரில் விட்டுப் பிஎச்சை 5.8க்கு இறக்கினேன். மறுநாள் அது 6.4க்கு ஏறியிருந்தது, பைகார்பனேட் தீரும்வரை மூன்று நாள்கள் தொடர்ந்து இறக்க வேண்டியிருந்தது. பத்தாம் நாளில் புதிய கொழுந்துகள் பச்சையாக வந்தன. முன்பே முற்றிலும் வெளுத்த இலைகள் தேறவில்லை, அவற்றைக் கிள்ளிவிட்டேன். மானியை நம்புவதோடு தண்ணீரையும் ஒருமுறை பரிசோதிப்பது நல்லது. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரையும் சோதித்துத் தருகிறார்கள், பைகார்பனேட்டின் அளவு அதில் தெரியும்.

இந்தப் பிஎச் பேனாவின் பலவீனம் அதன் கண்ணாடிக் குமிழ். அது உலரக் கூடாது; காய்ச்சி வடித்த நீரிலோ ஆர்ஓ தண்ணீரிலோ ஊறவும் கூடாது. மூடிக்குள் பொட்டாசியம் குளோரைடு கரைசல் சில சொட்டுகள் இருந்தாக வேண்டும். பெட்டியிலோ செயல்முறைத் தாளிலோ இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தக் கரைசலையும் தாங்கல் கரைசல் புட்டிகளையும் கோவையில் ஆய்வகப் பொருள் விற்கும் கடை ஒன்றில் தனியாக வாங்கினேன், மானியின் விலையைவிட அதிகமாகவே செலவாயிற்று. தொடக்கத்தில் அரை நிமிடத்தில் நிலைத்த எண் இப்போது இரண்டு நிமிடங்கள் அலைகிறது. வாரம் ஒருமுறை திருத்தியும் மறு வாரத்துக்குள் 0.2 அளவுக்கு விலகிவிடுகிறது.

ஈசி மானியை யாருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். பிஎச் மானியில், ஓரிரு குழாய்களோடு தொடங்குபவருக்கு இந்த மலிவுப் பேனா போதும், தாங்கல் கரைசலையும் அதே நாளில் வாங்குவதாக இருந்தால் மட்டும். என்னைப்போல் சப்பைத் தண்ணீரை வைத்துக்கொண்டு நாள்தோறும் அளக்க வேண்டியவர்கள், குமிழ் முனையைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய மானிக்குக் கூடுதலாகச் செலவிடலாம். அடுத்த மாதம் நான் வாங்கப்போவதும் அத்தகையதே.