வாடும் நீர்ச்செடிக்கு முதலில் எது: பசளையா, வெளிச்சமா, தண்ணீரா?

கடையில் தளதளவென்று நின்ற செடி, வீட்டு மீன்தொட்டிக்கு வந்து சில வாரங்களில் மஞ்சளாகி ஓட்டை விழுந்து நிற்கும். உடனே பசளைப் போத்தல் ஒன்றை வாங்கி ஊற்றுவதைத்தான் திருகோணமலையில் அதிகம் பார்க்கிறேன். 2 அடித் தொட்டியில் மணலும் கல்லும் போக 50 லீட்டர் தண்ணீர்கூட மிஞ்சாது. அவ்வளவு சின்ன இடத்தில் அளவு பிசகினால் செடிக்கு முன் மீன் பாதிக்கப்படும். போத்தலைத் திறக்குமுன் இலையைப் பாருங்கள்.

கெட்டது அடியிலையா, குருத்தா? நைதரசன், பொஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் குறைந்தால் செடி அவற்றைப் பழைய இலையிலிருந்து உருவிக் குருத்துக்கு அனுப்பும். அதனால் அடியிலைதான் முதலில் கெடும். ஊசித்துளைகளும் அவற்றைச் சுற்றி மஞ்சளும் தெரிந்தால் பெரும்பாலும் பொட்டாசியக் குறை. இரும்பை அப்படி இடம்மாற்றச் செடியால் முடியாது. அது குறைந்தால் குருத்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

இந்தக் கணக்கில் சேராதது கிரிப்டோகொரைன். அதில் வெண்டி என்ற இனம் இலங்கைக்கே உரியது, நம் ஆறுகளின் செடி. இடம் மாற்றினாலும் தண்ணீர் மாறினாலும் இலை முழுவதும் குழைந்து கரைந்துவிடும். பலர் செத்துவிட்டது என்று பிடுங்கி எறிகிறார்கள், பார்க்கவே மனம் கேட்பதில்லை. மணலை விலக்கி அடித்தண்டை விரலால் அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் அப்படியே விடுங்கள், சில வாரங்களில் புதுக் குருத்து வரும். கூழாகி நாற்றமடித்தால் மட்டும் எடுத்துவிடலாம்.

சரி, தண்ணீருக்கு வருவோம். எங்கள் ஊரில் பாதிக் கதை இதில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரித்து வருவது. அதிலுள்ள குளோரினை நீக்கக் கடையில் விற்கும் குளோரின் நீக்கியில் சில துளிகள் போதும். கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் இருக்கும், சுண்ணாம்பும் இருக்கும். சுண்ணாம்புத் தண்ணீரில் வலிஸ்னேரியாவின் இலையைத் தடவினால் கரகரவென்று வெள்ளைப் பொருக்கு கையில் படும். அது நோயல்ல. தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்து கார்பனைச் செடி எடுத்துக்கொள்ள, சுண்ணாம்பு இலைமேல் படிகிறது. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலைமை மோசமாகும். தொட்டித் தண்ணீர் மளமளவென்று வற்றும், ஆனால் உப்பு எங்கும் போகாது. மேலே மேலே கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஊற்றி நிரப்புவதையும் கால்வாசித் தண்ணீரை வாராவாரம் மாற்றுவதையும் ஒப்பிட்டால் மாற்றுவதே நல்லது. இரண்டு தண்ணீரும் கிடைக்கும் வீட்டில் நான் குழாய்த் தண்ணீர் பக்கம். மாரியில், முதல் சில மழை கூரையைக் கழுவிப் போன பிறகு, மழைத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரோடு கலக்கலாம்.

வெளிச்சமா பசளையா என்றால் முதலில் வெளிச்சம். அதுவும் கூட்டுவதல்ல, குறைப்பது. ஜன்னலோர வெயிலும் பட்டு, இரவு படுக்கும்வரை எல்.ஈ.டி.யும் எரியும் தொட்டிகளில் செடி ஏங்க, பாசி கொழுக்கும். 30 பாகையில் இருக்கும் தண்ணீரில் கரியமிலவாயு குறைவாகவே கரையும், செடி சுவாசத்துக்குச் செலவழிப்பதோ கூடும். கூடுதல் வெளிச்சத்தைச் செடியால் பயன்படுத்த முடியாது. ஒரு டைமர் வாங்கி 6 அல்லது 7 மணி நேரத்தோடு நிறுத்துங்கள்.

பசளையில் நீர்ப்பசளை, வேர்க்குளிசை என்று இரண்டு வழி உண்டு. அனுபியாஸ், ஜாவா பெர்ன், மொஸ் எனப்படும் பாசிச்செடி மூன்றும் தண்ணீரிலிருந்து சாப்பிடுபவை, குளிசை அவற்றுக்கு வீண். கிரிப்டோவும் அமேசன் சுவோர்டும் வேரால் உண்பவை. கழுவிய கடல்மணலில் அவற்றுக்கு ஒன்றுமே இல்லை, குளிசையை வேரடியில் ஆழமாகப் புதைக்க வேண்டும். நீர்ப்பசளை என்றால் லேபிளில் சொன்னதில் பாதி அளவோடு தொடங்குங்கள். இரும்பைக் கரைந்தபடி பிடித்து வைக்க என்ன பொருள் சேர்த்திருக்கிறது என்றும் பாருங்கள். ஈ.டி.டி.ஏ. இரும்பு காரத்தன்மையுள்ள கிணற்றுத் தண்ணீரில் நிலைக்காது, டி.டி.பி.ஏ. கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். தோட்டத்து யூரியாவை மட்டும் மணலில் புதைக்காதீர்கள். அதிலிருந்து வரும் அமோனியா, சூடும் காரமும் கூடிய தண்ணீரில் மீனுக்கு இன்னும் கொடிய நஞ்சு.

திரவக் கார்பன் என்று விற்கும் பலவற்றில் இருப்பது குளுட்டரால்டிஹைட், மருத்துவக் கருவிகளைத் தொற்றுநீக்கப் பயன்படும் பொருள். பாசியைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் வலிஸ்னேரியாவையும் சேர்த்துக் கரைத்துவிடும். சிலிண்டர் வைத்துக் கரியமிலவாயு விடுவதும் சூடான சின்னத் தொட்டிக்கு ஆபத்து, அளவு கொஞ்சம் கூடினாலே மீன் மேலே வந்து மூச்சுக்குத் திணறும். இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரம் விடுங்கள். ஓட்டை விழுந்த பழைய இலை மூடாது, அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். புது இலை நல்ல நிறத்தோடு விரிந்த பிறகு, கெட்ட இலைகளை ஒவ்வொன்றாக அடியோடு வெட்டலாம்.