வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு டியூஷனா, செயலியா, அம்மா பக்கத்தில் அரை மணி நேரமா?

போன வருடம் பள்ளி திறந்த வாரத்தில் இரண்டு அம்மாக்கள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். குடியாத்தத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் வாசிக்கச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அதனால் இப்படிப்பட்ட கேள்விகள் என்னிடம் வரும். இருவரும் பீடி சுற்றுகிறவர்கள். இருவரும் கேட்டதும் ஒன்றுதான். "பிள்ளைக்குப் படிப்பு ஏறவே மாட்டேங்குது டீச்சர். எந்த டியூஷன்ல போடலாம்?"

ஒருவருடைய மகன் ஐந்தாம் வகுப்பு. 'கொடி' என்று எழுதிக் காட்டினேன். விரலை வைத்து மெதுவாக "கெ... ர... டி" என்றான். கொம்பையும் ககரத்தையும் சேர்த்துக் 'கெ' ஆக்கிவிட்டான். பின்னால் நிற்கும் துணைக்காலை ரகரமாக எடுத்துக்கொண்டான். அந்தப் பையனை யாரும் சோம்பேறி என்று சொல்ல முடியாது. கண்ணில் பட்டதை வரிசை மாறாமல் வாசித்திருக்கிறான். தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. துணைக்காலும் ரகரமும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. இதை யாராவது அவனுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொருவருடைய மகள் ஏழாம் வகுப்பு. ஒரு பத்தியைக் கொடுத்தேன். தண்ணீர் ஓடுவது போல வாசித்தாள். அதில் 'வெயில் தாழ்ந்ததும் மாட்டைக் கொட்டிலில் கட்டினான்' என்று ஒரு வரி. எப்போது கட்டினான் என்று கேட்டேன். "வெயில் தாழ்ந்ததும்" என்று டக்கென்று பதில் வந்தது. அப்படியென்றால் எந்த நேரம் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "காலையிலயா டீச்சர்?"

இந்த இரண்டு பிள்ளைகளையும் ஒரே டியூஷனில் போட்டால் ஒருவருக்கும் பயன் இருக்காது. 1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தைக் கூட்டி வாசிக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொரு பக்கம். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதுதான் வாசித்துப் புரிந்துகொள்வது. எந்தப் பக்கம் சுழியமானாலும் விடை சுழியம். பையனுக்கு முதல் பக்கம் ஓட்டை, பெண்ணுக்கு இரண்டாவது பக்கம்.

எது ஓட்டை என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று 2005 முதல் வெளியிட்டுவரும் அசர் அறிக்கைக்காகப் பிள்ளைகளைச் சோதிக்கும் முறை எளிமையானது: எழுத்து, சொல், ஒரு சின்னப் பத்தி, ஒரு கதை. எங்கே நிற்கிறானோ அதுதான் அவன் படி. நான் கூடவே ஒன்று செய்வேன். அதே அளவு கதையை நானே வாசித்துக் காட்டி என்ன நடந்தது என்று கேட்பேன். காதால் கேட்டால் புரிகிறது, கண்ணால் வாசித்தால் புரியவில்லை என்றால் எழுத்தில்தான் சிக்கல். காதால் கேட்டும் புரியவில்லை என்றால் சொல்வளத்தில் சிக்கல். பத்து நிமிட வேலை.

எழுத்தில் தடுமாறும் பிள்ளைக்கு

பெற்றோர் முதலில் போவது டியூஷனுக்குத்தான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு, பிள்ளையாவது படிக்கட்டும் என்று மிச்சம் பிடித்துக் கட்டுகிற பணம் அது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம், 20 பிள்ளைகள். எல்லாருக்கும் சமமாகப் பிரித்தாலும் ஒரு பிள்ளைக்கு 3 நிமிடம். அந்த 3 நிமிடமும் நாளைய வீட்டுப் பாடத்தை முடிப்பதில் போய்விடும். வாசிக்கத் தெரிந்து கணக்கில் மட்டும் பின்தங்கிய பிள்ளைக்கு டியூஷன் உதவும். 'கெரடி' என்று வாசிக்கிற பையனுக்கு உதவாது. சேர்ப்பதற்கு முன்னால் அங்கே ஒரு கேள்வி கேளுங்கள்: என் பிள்ளை தினமும் சத்தமாக வாசிப்பதை யார் கேட்பார்கள்?

அடுத்தது, பத்து தடவை எழுதச் சொல்வது. எனக்கு மனசு வலிக்கிற இடம் இதுதான். அந்தப் பையனுடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து, பக்கம் பக்கமாக. அதில் ஒரு வரியைத் தொட்டு வாசிக்கச் சொன்னேன். அவன் எழுதியதையே அவனால் வாசிக்க முடியவில்லை. பார்த்து எழுதும்போது கை படம் வரைகிறது. எழுத்தின் ஒலி அந்த வேலைக்குத் தேவைப்படவே இல்லை. ஐந்து வருடம் இப்படி எழுதி, 'ஒழுங்காக எழுதும் பிள்ளை' என்ற பெயரோடு அவன் மேலே மேலே வந்துவிட்டான்.

பள்ளியில் நடக்கும் வழியை இதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல். 2022இல் 1 முதல் 3ஆம் வகுப்பு வரைக்கும் தொடங்கி, மறுவருடம் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை வயதைப் பார்க்காமல் படியைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். இந்தப் பிரிப்பு சரியானது. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அந்த வகுப்புப் பாடத்தையே திரும்பத் திரும்ப நடத்துவதில் பயனில்லை, அவன் நிற்கிற படியிலிருந்து கைபிடித்து ஏற்ற வேண்டும். 2025இல் 6 முதல் 9ஆம் வகுப்பு வரைக்கும் திறன் என்ற பெயரில் அடிப்படையைச் சரிசெய்யும் திட்டமும் வந்திருக்கிறது. உங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் இருக்கிறான் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அரும்பில் இருப்பது அவமானம் என்று நினைத்து அவனை மொட்டுக்கு மாற்றச் சொல்லிச் சண்டை போடாதீர்கள்.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததில் விட்டுப்போன படிப்பை மீட்க, 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். சொல்லிக் கொடுப்பவர் அதே தெரு அக்கா. பிள்ளைக்குப் பயம் இல்லை. உங்கள் தெருவில் அப்படி ஒரு அக்கா இன்றும் மாலையில் உட்காருகிறார் என்றால், டியூஷனைவிட அதைத்தான் சொல்வேன்.

செயலி? பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் தவறு காட்டும் செயலிகள் இப்போது தமிழில் இருக்கின்றன. அவற்றின் பெரிய பலம் பொறுமை. நாற்பது தடவை தப்பாக வாசித்தாலும் முகம் சுளிக்காது. நாலு பேர் முன்னால் வாயே திறக்காத பிள்ளை போனிடம் சத்தமாக வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன். சிக்கல் எங்கே என்றால், நம் பக்கத்துப் பிள்ளை வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்பான். சொல் அவனுக்கு நன்றாகத் தெரியும், எழுத்தையும் சரியாகப் பார்த்திருப்பான், நாக்குதான் ஊர் நாக்கு. மனிதர் கேட்டால் இதைப் புரிந்துகொண்டு விடுவார். கருவிக்கு அது தப்பு. இன்னொன்று, வீட்டில் இருப்பது அப்பாவின் போன். அது வீட்டுக்கு வருவதே ராத்திரி எட்டு மணிக்கு மேல். தூக்கம் சொக்கும் நேரத்தில் வாசிப்பு ஏறாது. மனிதர் உட்கார முடியாத நாளுக்குச் செயலி சரி. முழுப் பொறுப்பையும் அதன் தலையில் வைக்க முடியாது.

பையனுக்கு நான் செய்தது இவற்றில் எதுவும் இல்லை. தினமும் 15 நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் வாரம் முழுக்க ஒகர ஓகார எழுத்துகள் மட்டும்: கொடி, பொடி, தொட்டி, மொட்டு, கோடு, தோடு. ஒவ்வொரு சொல்லிலும் கொம்பையும் காலையும் சிவப்பு மையில் எழுதினேன். இரண்டும் சேர்ந்து நடுவில் இருக்கிற எழுத்தை இரண்டு கையாலும் பிடித்திருக்கின்றன, தனித்தனியாக வாசிக்கக் கூடாது என்று சொன்னேன். "அப்போ இது ர இல்லையா?" என்று கேட்டான். ஐந்து வருடமாக அவனுக்குள் இருந்த கேள்வி அது. அப்புறம் நாலே வரியுள்ள ஒரு பத்தியை நாலு நாள் திரும்பத் திரும்ப வாசித்தான். திக்கினால் மனசுக்குள் ஐந்து எண்ணுவேன், அதற்குள் வரவில்லை என்றால் நானே சொல்லிவிடுவேன். நாலாவது நாள் அந்தப் பத்தி அவன் வாயில் பேச்சு மாதிரி வந்தது. பதற்றம் போனால்தான் பொருள் பக்கம் மனசு திரும்பும்.

புத்தகமும் முக்கியம். பாடப் புத்தகத்தில் இந்தப் பயிற்சி வேண்டாம், அதைப் பார்த்தாலே அவனுக்குத் தோல்வி ஞாபகம் வரும். அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாக இருக்கின்றன. பக்கத்துக்கு ஓரிரு வரி, படம். பள்ளியில் கேட்டு வாங்குங்கள். தீபாவளிக்குள் அந்தப் பையன் 'நட' புத்தகங்களைத் தானாக எடுத்து வாசித்தான்.

வாசிக்கிறாள், புரியவில்லை

இந்தப் பிள்ளைகள்தான் கண்ணில் படாமல் போகிறவர்கள். சரளமாக வாசிப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒன்பதாம் வகுப்பில் மதிப்பெண் சரியும்போதுதான் தெரியும்.

இவர்களுக்கு வீடுகளில் வாங்கிக் கொடுப்பது கேள்வி பதில் போட்ட கைடு. கைடு எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு சின்ன விளையாட்டு. 'பழுமன் கிடுவையில் தோழினான்.' பழுமன் எங்கே தோழினான்? கிடுவையில். யார் தோழினான்? பழுமன். முழு மதிப்பெண்! பழுமன் யார், கிடுவை எது, தோழுவது என்றால் என்ன என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடி, பக்கத்துச் சொல்லை எடுத்து வைப்பதற்குப் புரிதலே தேவையில்லை. அந்த ஏழாம் வகுப்புப் பெண் இத்தனை வருடமாக இதைத்தான் செய்துவந்தாள்.

கைடுக்கு எதிரில் நான் வைப்பது இரண்டு வழிகள். ஒன்று, பாலின்சர், பிரவுன் என்ற இருவர் 1984இல் எழுதிய முறை. நாலு ஐந்து பிள்ளைகள் ஒரு பத்தியை வாசித்து, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பார்கள், தாங்களே கேள்வி கேட்பார்கள், புரியாத சொல்லை அவிழ்ப்பார்கள், சுருக்கிச் சொல்வார்கள். முறை வைத்து ஒரு பிள்ளை ஆசிரியர் இடத்தில் உட்காரும். வகுப்பறைக்கு அருமையான வழி. வீட்டில் நாலு பேரைச் சேர்ப்பது கஷ்டம்.

இன்னொன்றை நான் அந்தப் பெண்ணின் அம்மாவிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். மகளுக்குக் கதை வாசித்துக் காட்டுங்கள் என்று அவரிடம் சொன்னேன். "எனக்குப் படிக்கத் தெரியாதே டீச்சர், நான் இன்னா பண்றது?" என்றார். சரி, அவள் வாசிக்கட்டும், நீங்கள் காது கொடுங்கள், புரியாவிட்டால் கேள்வி கேளுங்கள் என்றேன். ஒரு வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். மடியில் முறம், முறத்தில் தூளும் வெட்டிய இலையும். கை அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. மகள் எதிரில் உட்கார்ந்து தேன்சிட்டு இதழிலிருந்து ஒரு பக்கம் வாசித்து நிறுத்தினாள். "இன்னா சொல்ற, எனக்கு ஒண்ணும் புரியல. நம்ம பேச்சுல சொல்லு" என்றார் அம்மா. பெண் திரும்பப் பத்தியைப் பார்த்தாள். தடுமாறிச் சொன்னாள். "அவன் ஏன் திரும்பிப் போனான்?" "அது போடலம்மா." "போடாட்டி இன்னா, நீ இன்னா நினைக்கிற?"

இந்தக் கேள்வியை எந்தக் கைடும் கேட்காது. டியூஷனில் கேட்பவருக்கு விடை முன்பே தெரியும், பிள்ளைக்கும் அது தெரியும். அம்மாவுக்கு நிஜமாகவே தெரியாது. அதனால் பிள்ளை நிஜமாகவே புரியவைத்தாக வேண்டும். எழுத்துத் தமிழைப் பேச்சுத் தமிழாக மாற்றாமல் அது நடக்காது. கொட்டில் என்பது நம் வீட்டுப் பின்னால் இருக்கும் மாட்டுக் கொட்டாய்தான் என்று அந்தப் பெண் கண்டுபிடித்தது அந்த முறத்தின் எதிரில்தான். வெயில் தாழ்வது என்றால் பொழுது சாயுற நேரம் என்று அம்மாவே சொல்லிக் கொடுத்திருந்தார்.

பேரணாம்பட்டு பக்கம் வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளைகளுக்கும் இதே வழி செல்லும். கதையைத் தெலுங்கில் சொல்லட்டும், உருதுவில் சொல்லட்டும். புரிந்ததைத் தன் மொழியில் சொன்னால் அதுவும் புரிதல்தான். 'வீட்டிலும் தமிழே பேசுங்கள்' என்று அந்த அம்மாக்களிடம் சொல்லாதீர்கள். பிள்ளையோடு அவர்களால் தாராளமாகப் பேச முடிகிற ஒரே மொழியைப் பிடுங்கியது போல் ஆகிவிடும்.

எதுவுமே அசையவில்லை என்றால்

மூன்று நாலு மாதம் தினமும் உட்கார்ந்தும் எழுத்துகள் கைக்கு வரவில்லை என்றால், பிள்ளையைத் திட்டுவதை நிறுத்திவிட்டு முதலில் கண்ணையும் காதையும் பாருங்கள். வேலூரில் ஆரணி சாலையில் சிஎம்சியின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது, ஊர் ஊருக்கு அரசு மருத்துவமனையும் இருக்கிறது. கரும்பலகை தெரியாத பிள்ளையைப் படிக்காத பிள்ளை என்று நினைத்துவிடுவோம். கண்ணும் காதும் சரி என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் பட்டியலில் இதையும் சேர்த்திருக்கிறது. சான்று இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தின மாதம் ஓடாமல், சந்தேகம் வந்த வருடமே போங்கள். குறைபாடு உள்ள பிள்ளைக்கும் அதே சிவப்பு மைக் கொம்பும் அதே நாலு வரிப் பத்தியும் உதவலாம், ஆனால் நாள் கூடுதலாக ஆகும்.

நேரத்தைப் பற்றி அம்மாக்கள் கேட்பார்கள். காலையில் பள்ளி அவசரம், ராத்திரி அசதி. எங்கள் தெருவில் நாங்கள் கண்டுபிடித்த நேரம் சாயந்திரம் ஐந்தரை மணி, பிள்ளை டீ குடித்து முடித்த உடனே. இலையை வெட்டும்போது கண் வேண்டும், அப்போது வாசிப்பு வேண்டாம். சுற்ற ஆரம்பித்த பிறகு கைக்கு வேலை தெரியும், காது சும்மாதான் இருக்கும்.