தோள் உறையா, இடுப்பு உறையா? யாழ்ப்பாணத்து வெயிலில் கைத்துப்பாக்கியை மறைத்து அணிவது பற்றிய ஓர் ஒப்பீடு

இலங்கையில் கைத்துப்பாக்கியை உடையினுள் மறைத்து அணிய வேண்டியவர்கள் மிகச் சிலரே. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெறும் அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தற்காப்புக்கென வழங்கப்பட்டிருந்த சுடுகலன்களையும் மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு கேட்டது. ஆகவே கடமையின் பொருட்டு ஆயுதம் அணியும் மெய்ப்பாதுகாவலர்களையும் அனுமதி பெற்ற ஒரு சிலரையுமே மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அவர்களுக்கு முன்னுள்ள முக்கியமான தெரிவுகள் இரண்டு: அக்குளின் கீழ் வாரில் தொங்கும் தோள் உறை, இடுப்புப்பட்டியில் கோக்கும் இடுப்பு உறை. திரையில் பார்த்துப் பழகிய கவர்ச்சி முன்னதற்கு உண்டு. எங்கள் ஊருக்குப் பொருந்துவது பின்னதே என்பது என் கருத்து.

முதற் காரணம் உடை. தோள் உறையை மறைக்கக் கோட்டோ, முன்பக்கம் திறந்த ஜக்கெட்டோ கட்டாயம் வேண்டும். கொழும்பின் குளிரூட்டிய அலுவலகங்களில் அது கண்ணை உறுத்தாது. சித்திரை வெயிலில் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் கோட்டுடன் நிற்பவரை ஊரே திரும்பிப் பார்க்கும், மறைத்து அணிவதன் நோக்கமே அங்கு கெட்டுவிடும். கோட்டைத் தவிர்த்துச் சட்டையின் உள்ளே அணிந்தாலோ, வியர்வையில் துணி முதுகோடு ஒட்டியதும் குறுக்கே ஓடும் வார்களின் தடம் அப்படியே தெரியும்; அவசரத்தில் பொத்தான்களைக் கழற்றாமல் கையும் உள்ளே போகாது. இங்கு ஆண்கள் சட்டையைக் காற்சட்டைக்கு வெளியே விட்டு அணிவது வழக்கமாதலால், சற்றுத் தளர்வான, கோடு அல்லது பூ வேலையுள்ள சட்டை இடுப்பு உறையை இயல்பாகவே மூடிவிடுகிறது. வேட்டியோ சாரமோ உடுத்தவருக்கு இடுப்பு உறை உதவாது, ஏனெனில் அதற்குத் தடித்த, வளையாத இடுப்புப்பட்டி தேவை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் மேலாடையின்றியே செல்ல வேண்டும் என்பதால் அங்கு எந்த உறையும் உதவாது. உள்ளே போகுமுன் ஆயுதத்தை யாரிடம் பொறுப்புக் கொடுப்பது என்பதை முன்கூட்டியே ஒழுங்கு செய்திருக்க வேண்டும்.

எடையைப் பொறுத்தவரை தோள் உறைக்கே வெற்றி. ரவைகள் நிரப்பிய கிளொக் 17 கைத்துப்பாக்கி ஏறத்தாழ 900 கிராம் வரும். தோள் உறையில் அதற்கு எதிர்ப்பக்கத்தில் இரண்டு ரவைக்கூடுகளை வைத்துச் சமன் செய்யலாம். மொத்தம் ஒன்றரைக் கிலோவை நெருங்கினாலும், வார் அகலமாக இருந்தால் சுமை இரு தோள்களிலும் பரவி, இடுப்பெலும்பும் முதுகின் கீழ்ப்பகுதியும் தப்பிவிடும். ஒடுங்கிய வார் என்றால் மாலைக்குள் கழுத்து வலிக்கும். கழிப்பறையிலும் தோள் உறை தொல்லை தராது. இடுப்புப்பட்டியைத் தளர்த்தும்போது துப்பாக்கி சரிந்து விழும் அபாயம் இடுப்பு உறைக்கே உண்டு. இதைப் பலர் வாங்கும்போது யோசிப்பதில்லை.

நெடுநேரம் வாகனத்தில் இருப்பவருக்குத் தோள் உறையே வசதி என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. எங்கள் வாகனங்களில் சாரதி வலப்பக்கம் அமர்வதால், அவருடைய ஆசனப்பட்டி வலத் தோளிலிருந்து இட இடுப்புக்கு இறங்குகிறது; வலக்கைக்காரரின் இட அக்குள் பெரும்பாலும் தடையின்றி இருக்கும், வல இடுப்பிலுள்ள உறையோ பட்டிக்கும் கதவுக்கும் இடையில் நெருக்குண்டு கிடக்கும். ஆனால் மெய்ப்பாதுகாவலர் வழக்கமாக அமர்வது முன் இட ஆசனத்தில். அங்கே பட்டி இடத் தோளின் மேலாக வந்து கோட்டின் இடப்பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதி வழியாகக் கொழும்பு வரை வாகனம் ஓட்டும் சாரதிக்கு நான் தோள் உறையைப் பரிந்துரைப்பேன். அவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு அல்ல.

பாதுகாப்பில் எனக்குத் தோள் உறையின் கிடைநிலை வகை மீது நம்பிக்கை குறைவு. அதில் துப்பாக்கியின் குழல்வாய் எந்நேரமும் பின்னால் நிற்பவரை நோக்கியிருக்கும். தேர்த்திருவிழா நெரிசலில் அந்தப் பின்னால் நிற்பவர் ஒரு பிள்ளையாகவும் இருக்கலாம். விசை முழுதாக மூடப்பட்டு, பிடிவார் பூட்டியிருந்தால் துப்பாக்கி தானாக வெடிக்காது என்பது சரிதான், என்றாலும் குழல்வாயை எவர் மீதும் திருப்பாதே என்ற அடிப்படை விதியோடு அது பொருந்தி வருவதில்லை. குழல் நிலத்தை நோக்கும் செங்குத்து வகை இவ்விடயத்தில் மேல். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தாங்கிப் படையினரும் விமானிகளும் பயன்படுத்திய எம்3, எம்7 உறைகள் இவ்வகையே. அசையாதிருக்க மார்பைச் சுற்றி ஒரு வார் எம்7இல் சேர்க்கப்பட்டது. நீண்ட குழலுள்ள ஆயுதம் கோட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் என்பது செங்குத்து வகையின் குறை.

உருவும்போதும் வேறுபாடு உண்டு. தோள் உறையிலிருந்து எடுக்கும் துப்பாக்கி மார்பின் குறுக்கே வளைந்து வருவதால், இடது முழங்கையை உயர்த்தாவிட்டால் குழல்வாய் சொந்தக் கையையே கடந்து செல்லும்; இதனாலேயே பல சுடுபயிற்சிக் களங்கள் தோள் உறையிலிருந்து உருவ அனுமதிப்பதில்லை. இடுப்பிலிருந்து நேராக மேலே எடுத்து முன்னால் நீட்டலாம். எந்த உறையாயினும், ரவை இல்லை என்பதை இருமுறை பார்த்து உறுதிசெய்த பின், வெறும் துப்பாக்கியுடன் பழக வேண்டும். திரும்பச் செருகும்போது விரலை விசைக்கு வெளியே வைத்து, சட்டைத் துணி உள்ளே மாட்டவில்லை என்பதைக் கண்ணால் பார்த்து, ஆறுதலாகச் செருக வேண்டும்.

காற்சட்டைக்கு உள்ளே செருகும் இடுப்பு உறை மிக நன்றாக மறையும்; அதற்கு இடுப்பளவு சற்றுப் பெரிய காற்சட்டை வேண்டும். உடல் வியர்வை நேரே உலோகத்தில் படுவதால் இடையில் பெனியன் இருப்பது நல்லது. தோலால் ஆன உறை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், உப்புக்காற்றுள்ள எங்கள் கரையோரத்தில் துருப்பிடிக்க அது போதும். கைடெக்ஸ் போன்ற வார்ப்பு நெகிழியில் அந்தத் தொல்லை குறைவு. தோலையே விரும்புபவர் இரவில் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து, துடைத்து, எண்ணெய் பூசி, பூட்டுள்ள பெட்டியில் வைத்துவிட்டு, உறையை மட்டும் காற்றாட விடலாம்.