50 மி.லி. கூம்படிக் குழாய்: ஜெல்லுக்குச் சரி, நுரைக்கு வேண்டாம்

ஜெல்லிலிருந்து பிரியும் நீரை அளக்க, ஆய்வகத்தில் சட்டென்று கைக்குச் சிக்குவது 50 மி.லி. பாலிபுரொப்பிலீன் (பிளாஸ்டிக்) சென்ட்ரிஃபியூஜ் குழாய்; அடி கூம்பாக இருக்கும், வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவியில் வைப்பது. மலிவு, மூடி ஒழுகாது, சுழற்சியைத் தாங்கும். பக்கத்தில் அச்சிட்ட கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். 30 கிராம் ஜெல் 2 கிராம் நீர் விட்டால் அது 6.7 சதவீதம், பல குழாய்களில் அந்த 2 மி.லி. ஒரு கோட்டு இடைவெளிகூட வராது. எடைதான் கணக்கு: காலிக் குழாய், ஜெல்லோடு குழாய், சுழற்றி நீரை வடித்த பின் குழாய் என மூன்று முறை, 0.01 கிராம் காட்டும் தராசில்.

ஜெல்லைக் குழாயிலேயே ஊற்றி உறைய விடுங்கள். உறைந்ததைக் கரண்டியால் அள்ளிப் போட்டால் வெட்டுப்பட்ட முகமெல்லாம் நீர் விடும், எண் ஏறிவிடும். நீரை வடிக்க, இளகிய ஜெல்லைக் கவிழ்த்தால் மொத்தமாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பிபெட்டால் உறிஞ்சுவதே மேல். குழாயைச் சாய்வாகவே பிடித்துச் சுழற்றும் ஆங்கிள் ரோட்டரில் ஜெல் சரிவாகப் படிந்து வடிப்பதைக் கெடுக்கும். சுழலும்போது குழாய் கிடைமட்டமாக விரியும் ஸ்விங் அவுட் ரோட்டர் இருந்தால் அதையே போடுங்கள்.

வேகத்தை ‘1000 ஆர்.பி.எம்.’ (நிமிடத்துக்கு 1000 சுற்று) என்று மட்டும் குறித்து வைப்பது வீண். சுழல் ஆரம் 10 செ.மீ. என்றால் அது புவியீர்ப்பைப்போல் 112 மடங்கு, 15 செ.மீ. என்றால் 168 மடங்கு. பிரிந்த நீரில் ஜெல் துணுக்குகள் மிதந்தால் ஜெல்லுக்குள் நீரைப் பிடித்து வைக்கும் வலை நொறுங்கியிருக்கிறது, விசையைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள்.

இந்தக் குழாய் சொல்வது, பிழிந்தால் ஜெல் எவ்வளவு விடும் என்பதைத்தான். சும்மா வைத்திருக்கும்போது தானாகக் கசிவது வேறு கதை. தயிரில் அதை அறிய, கப்பை 45 பாகை சாய்த்துக் குளிரில் 2 மணி நேரம் வைத்து, மேலே தேங்கியதை ஊசியால் இழுத்து எடை போடலாம். இழுப்பது சில விநாடிகளில் முடிய வேண்டும். தாமதித்தால் புது நீர் ஊறி வரும்.

நுரையிலிருந்து வடியும் நீரை அளக்கச் சென்ட்ரிஃபியூஜ் பக்கமே போகாதீர்கள், குமிழி உடைந்துவிடும். இந்தக் குழாயைச் சும்மா நிறுத்தி வைத்தாலும் குறுகிய சுவர் நுரையைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஏற்றது அடியில் குழாய்த்திருகு உள்ள பிரிபுனல். நுரையை எடை பார்த்து நிரப்பி, தராசின் மேல் பீக்கர் வைத்து, 30 விநாடிக்கு ஒரு முறை வடிந்த எடையைக் குறித்தால், பாதி நீர் வடிய ஆகும் நேரம் கிடைக்கும். திருகை லேசாகத் திறந்து, நீர் மட்டம் தண்டுக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இறங்கினால் நுரையும் சேர்ந்து விழும். நுரைத் தம்பத்தின் உயரத்தையும் எழுதி வையுங்கள்; உயரம் மாறினால் அந்த நேரமும் மாறும்.