துணிக்கடைப் பைக்கு எது: நியூஸ்பிரிண்டா, கிராஃப்டா?

வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைகளுக்குப் பை ஒட்டிக் கொடுக்கிறேன். பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குத் தாள் வாங்கப் போனால், முன்பெல்லாம் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம்) எவ்வளவு என்று மட்டும்தான் கேட்பேன். ஒரு தீபாவளி சமயத்தில் நான் ஒட்டிய பை, கைப்பிடித் துளையிலிருந்து அடிவரை நேர்க்கோடாகப் பிளந்து, புதுப் புடவை ரோட்டில் விழுந்தது. கனமான தாள்தான் அது. அன்றிலிருந்து கிழித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை.

நியூஸ்பிரிண்ட் (செய்தித்தாள் அச்சடிக்கும் தாள்), கிராஃப்ட் (பை, மூட்டைக்குப் போகும் கெட்டித் தாள், பெரும்பாலும் பிரவுன்) இரண்டிலும் ஒரு துண்டு கிழித்து ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல கிராஃப்டில் நீளநீளமாக நார் நீட்டிக்கொண்டிருக்கும். நியூஸ்பிரிண்டில் குட்டையாக, தூசி படிந்த மாதிரி. நியூஸ்பிரிண்டுக்குப் பெரும்பாலும் மரத்தை அரைத்தோ, பழைய தாளைக் கரைத்தோ கூழ் எடுக்கிறார்கள். அரைத்த நாரில் லிக்னின், அதாவது மரத்தில் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் பொருள், அப்படியே தங்கிவிடும். விறைப்பாக, ஒன்றோடொன்று சரியாக ஒட்டாது. கிராஃப்டில் மரச்சில்லைக் காரத்தில் வேகவைத்து லிக்னினைக் கரைத்துவிடுவதால் நார் முழுசாக, துவண்டு, நாடா மாதிரி படிந்து ஒட்டுகிறது. ஊசியிலை மர நார் சுமார் 3 மி.மீ. நீளம்.

இழுக்கும்போது முதலில் நாரின் வளைவு நிமிரும், அப்புறம் ஒட்டுகள் அங்கங்கே விடும், கடைசியில் ஒரே இடத்தில் சேதம் குவிந்து பிளவு ஓடும். நியூஸ்பிரிண்டில் நார் பெரும்பாலும் உருவிக்கொண்டு வந்துவிடும். கிராஃப்டில் ஒட்டு கெட்டி என்பதால் நாரே அறுகிற இடங்கள் அதிகம். பையைத் தூக்கும் அந்த வெடுக்கைத் தாங்க பலம் மட்டும் போதாது, நீளவும் வேண்டும். நியூஸ்பிரிண்ட் 1 சதவீதம் அளவுக்கு நீள்வதற்குள் போய்விடும். மூட்டைக்கென்றே செய்யும் கிராஃப்டில் 5 சதவீதத்தைத் தாண்டுகிற வகைகளும் உண்டு.

பிரவுனாக இருப்பதெல்லாம் கிராஃப்ட் இல்லை. மறுசுழற்சித் தாளில் நார் ஒருமுறை காய்ந்து இறுகியது. முன்போல் ஊறாது, ஒட்டும் குறையும். ரவிக்கைத் துணிக்குப் போதும், புடவைக்கு வேண்டாம். மழையில் நனைந்தால் எல்லாமே ஒன்றுதான். காசிமேட்டு மீனுக்கு எதையும் சொல்லமாட்டேன்.

என் ஓட்டு கிராஃப்டுக்கு. ஆனால் நார் வாக்கு, அதாவது தாளில் நார்கள் பெரும்பாலும் படுத்திருக்கும் திசை, பார்த்து வெட்டவேண்டும். ஒரு சின்னச் சதுரத்தின் ஒரு பக்கத்தை ஈரப்படுத்தினால் சுருளும். அந்தக் குழல் எந்தத் திசையில் நீள்கிறதோ அதுதான் நார் வாக்கு. அதை மேலிருந்து கீழாக வைத்தால் எடையை நன்றாகத் தாங்கும், ஆனால் துளையில் கிழிய ஆரம்பித்தால் அதே வாக்கில் நேராக இறங்கும். அதனால் துளைக்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கிராஃப்ட் துண்டைக் குறுக்கு வாக்கில் ஒட்டிவிடுகிறேன்.