கல்லீரல் ஸ்கேன் சேவை: கருவி நன்று, விளக்கம் போதாது

இனிப்புநீர் உள்ளவர்களுக்கென்று நகரின் நடுப்பகுதியில் ஒரு தனியார் மருந்தகம் வழங்கும் கல்லீரல் ஸ்கேன் சேவைக்கு அண்மையில் என் தாய்மாமாவை அழைத்துச் சென்றேன். அவருக்கு வயது 62. பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் என்ற இனிப்புநீர் மாத்திரை சாப்பிடுகிறார், மதுப் பழக்கம் அறவே இல்லை, ஆளும் ஒல்லிதான். பலதுறை மருந்தகத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற கல்லீரல் நொதிகள் இரண்டும் இயல்பான அளவுக்குள் இருந்ததால், “எனக்கு எதுக்கு மாப்ள ஸ்கேன்?” என்று ரயிலில் ஏறிய பிறகும் கேட்டுக்கொண்டே வந்தார்.

கேள்வி நியாயமானதுதான், அதற்கான விடையோ அவர் கையிலிருந்த அதே அறிக்கையில் இருந்தது. ஃபிப்-4 என்றொரு எளிய கணக்கு உண்டு. வயதையும் ஏஎஸ்டி அளவையும் பெருக்கிக்கொண்டு, வரும் எண்ணை முதலில் இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களின் எண்ணிக்கையாலும் பிறகு ஏஎல்டி அளவின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். மாமாவுக்கு ஏஎஸ்டி 32, ஏஎல்டி 36, தட்டணுக்கள் 220, விடை 1.5. அது 1.3-க்குக் கீழே இருந்தால் கல்லீரலில் தழும்பு முற்றியிருக்கும் வாய்ப்பு குறைவு என்று விட்டுவிடலாம். தாண்டினால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே முறை. 65 வயதைக் கடந்தவர்களுக்கு அந்த எல்லை 2.0. ஒரு நிமிடத்தில் முடியும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல், வருகிற எல்லோரையும் நேராக ஸ்கேன் அறைக்கு அனுப்புவது இந்தச் சேவையில் நான் கண்ட முதல் குறை.

ஸ்கேன் எடுத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்று முன்கூட்டியே தெரிவித்திருந்தார்கள். வந்ததும் மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். வயிறு நிறைந்திருந்தால் கல்லீரலுக்கு இரத்த ஓட்டம் கூடி, இறுக்கம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும் என்பதால் இது அவசியம். மாமாவை மல்லாந்து படுக்கவைத்து, வலக்கையைத் தலைக்குப் பின்னால் மடக்கச் சொல்லி, விலா எலும்புகளுக்கு இடையே கருவியின் முனையை வைத்தார் தாதி. விரலால் சுண்டுவது போன்ற மெல்லிய அதிர்வு, அவ்வளவுதான். அந்த அதிர்வலை கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதைக் கருவி அளக்கிறது. உறுப்பு இறுகியிருந்தால் அலை விரைவாகச் செல்லும். சரியான அளவீடுகள் பத்து கிடைக்கும்வரை பொறுமையாக எடுத்து, ஒவ்வொரு முறையும் மூச்சைப் பற்றித் தமிழிலேயே சொன்னார் அந்தத் தாதி. அவருக்கு மட்டும் தனியாக ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம்.

ஏமாற்றம் அதற்குப் பிறகுதான். அச்சிட்டுக் கொடுத்த தாளில் இறுக்கம் 6.4 கிலோபாஸ்கல், கொழுப்பு அளவு 312 என்று இரண்டு எண்கள் இருந்தன; விளக்கம் ஒரு வரிகூட இல்லை. இறுக்கம் 8-க்குக் கீழ் என்றால் தழும்பைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம், ஆனால் கொழுப்பு நிறையவே சேர்ந்திருக்கிறது என்பதே அதன் பொருள். மருத்துவரோ “கொஞ்சம் கொழுப்பு இருக்கு, எண்ணெயைக் குறைங்க” என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்துவிட்டார். மறுபடி எப்போது பரிசோதிக்க வேண்டும், இனிப்புநீர் மாத்திரையை மாற்றுவது பற்றி யோசிக்கலாமா என்ற பேச்சே எழவில்லை.

கல்லீரலையும் இனிப்புநீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நீண்டகாலமாக வலியுறுத்தி வருபவர் அமெரிக்க ஆய்வாளர் கென்னத் குசி. கொழுப்பினால் கல்லீரல் அழற்சி ஏற்பட்டவர்களுக்குப் பியோகிளிட்டசோன் என்ற பழைய இனிப்புநீர் மாத்திரை உதவுமா என்று அவருடைய குழு ஆராய்ந்தது. 2006-இல் 55 பேரைக் கொண்ட ஆய்வு வெளிவந்தது. 2016-இல் 101 பேரை 18 மாதங்கள் கவனித்த ஆய்வு வெளிவந்தது. இரண்டாவது ஆய்வில், தழும்பு மோசமாகாமல் அழற்சி கணிசமாகக் குறைந்தவர்கள் மாத்திரை எடுத்தவர்களில் 58 விழுக்காட்டினர், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 17 விழுக்காட்டினர். எடை கூடும், உடலில் நீர் தேங்கும், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது என்பதால் இது எல்லோருக்கும் பொருந்தும் மருந்தல்ல. மாமாவுக்கு அழற்சி இருக்கிறதா என்பதை இந்த ஸ்கேனும் சொல்லாது. ஆனாலும் இனிப்புநீர்க்காரர்களை அழைத்து விளம்பரம் செய்யும் ஓரிடம், ஸ்கேன் முடிவைச் சிகிச்சையோடு பொருத்திப் பேச ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டாமா?

கட்டணத்தில் மருத்துவர் ஆலோசனையும் அடக்கம் என்கிறார்கள். மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்த முடியுமா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள், முகப்பில் தெளிவான பதில் கிடைப்பதில்லை. அறிக்கையின் நகலை வழக்கமான மருத்துவருக்கு அனுப்புவதும் கேட்டால்தான் நடக்கிறது. ஸ்கேனுக்கு ஐந்தில் நான்கு, ஆலோசனைக்கு ஒன்றரை. உங்கள் குடும்ப மருத்துவர் ஃபிப்-4 கணக்கைப் பார்த்துவிட்டு அனுப்பினால் இங்கே போகலாம். முடிவை அவரிடமே எடுத்துச் சென்று விளக்கம் கேளுங்கள்.